மூன்றாவது உள்ளேன்

இருக்கும்போது யாருக்கும் தெரியாது, இல்லாமல் போனால் எல்லாருக்கும் தெரியும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். உப்பு என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உப்பைச் செண்பகவல்லி முதலிலேயே சொல்லித் தோற்றுவிட்டாள். "உப்பு." "இல்ல." "கரண்ட்டு." "இல்லம்மா, நல்லா யோசி. நான் குளத்த விட்டு வெளிய வாரதுக்குள்ள கண்டுபிடிச்சிரணும்." இப்படிக் கெடு வைத்துவிட்டு எட்டு வயது தாமிரா, நீச்சல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, 'ஈரத் தரையில் ஓடாதீர்கள்' என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே ஓடிப்போனாள். பாளையங்கோட்டையில் கோடை விடுமுறையின் கடைசிச் சனிக்கிழமை. நாலு மணி வெயில். பயிற்சி முடிய நாலே முக்கால் ஆகும். பெற்றோர் உட்காருவதற்கென்று கட்டிய சிமெண்டுப் படிகளில் தகரக் கூரையின் நிழல் விழுந்த இடமாகப் பார்த்துச் செண்பகவல்லி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததுமே கை தானாகப் பைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்தது. எடுக்கவே கூடாது என்று வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நினைத்திருந்தாள். திரையில் அந்த அறிவிப்பு காலையில் இருந்த மாதிரியே இருந்தது. 'கொண்டலாத்தி வருகைப் பதிவு. இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. உள்ளேன் சொன்னவர்கள்: ரஜீவன், எபனேசர்.' மூன்றாவது பேர் அவளுடையதாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினால் முடிந்தது. போன வருடம் வரை காபி ஆறுவதற்குள் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தவள்தான். இந்த வருடம் ஒரு வாரமாக விரல் போக மாட்டேன் என்கிறது. ஏன் போக வேண்டும், எதற்காகப் போக வேண்டும் என்று விரலே கேட்கிறது.

கொண்டலாத்தி என்றால் தலையில் விசிறி போலக் கொண்டை வைத்துக்கொண்டு தரையைக் கொத்தித் திரியும் பறவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். செண்பகவல்லியின் கொண்டலாத்தி பறவை இல்லை. ஒரு கணினி எழுந்து உட்கார வேண்டும் என்றால் அதற்கு அடியில் ஒரு நிரல் வேண்டும். லினக்ஸ் என்பது அப்படி ஒன்று; உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து எழுதி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்பது. ஆனால் அது கடையில் வாங்கும் சட்டை மாதிரித் தைத்து வராது. துணி ஓரிடத்தில், நூல் ஓரிடத்தில், பித்தான் ஓரிடத்தில் என்று ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கிடக்கும். யாராவது உட்கார்ந்து, எது எதோடு ஒட்டும், எது எதோடு சண்டை போடும் என்று பார்த்து, சேர்த்துத் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். அப்படித் தைத்துக் கொடுப்பதற்கு வழங்கல் என்று பேர். பள்ளிக்கூடங்களில் மூலைக்குத் தள்ளிய பழைய கணினிகளிலும் ஓடும்படி, தலை முதல் கால் வரை தமிழிலேயே பேசும்படி, சம்பளம் வாங்காதவர்கள் தைத்த வழங்கல்தான் கொண்டலாத்தி. பள்ளிக்கூடத்துக்கென்று ஆரம்பித்ததால் பள்ளிக்கூட வழக்கம் ஒன்றையும் வேடிக்கையாகச் சேர்த்துக்கொண்டார்கள். வருடா வருடம் பள்ளி திறப்பதற்கு முன்னால் குழு மடலில் வருகைப் பதிவு எடுப்பார்கள். இருக்கிறவர்கள் 'உள்ளேன்' என்று எழுத வேண்டும். முதல் வருடம் 'உள்ளேன் ஐயா', 'உள்ளேன் டீச்சர்', 'இவன் கிள்ளுதான் டீச்சர்' என்று மடல்கள் வந்து குவிந்தன. வங்கியில் கணினிப் பிரிவில் உட்கார்ந்து அவற்றைப் படித்துச் செண்பகவல்லி வாய்விட்டுச் சிரிக்க, மேலாளர் கண்ணாடிக்கு மேல் பார்த்தார். அந்தச் சிரிப்போடுதான் அவள் ஒரு விதியையும் எழுதினாள். மூன்று பேருக்குக் குறைந்தால் அன்றைக்கே மூடிவிட வேண்டும். ஏன் மூன்று? தைக்கிறவர் ஒருவர், அதைப் போட்டுப் பார்க்கிறவர் ஒருவர், முத்திரை வைத்து வெளியே அனுப்புகிறவர் ஒருவர். இதில் ஒரு ஆள் குறைந்தாலும் தப்பு நுழைந்துவிடும், அதைப் பிள்ளைகள் கழுத்தில் மாட்டக் கூடாது. எவ்வளவு நல்ல விதி! அத்தனை பேர் இருந்தபோது மூன்றாம் ஆளுக்குப் பஞ்சம் வரும் என்று யார் கண்டார்கள்.

"கால அடி! கால அடி! கைய இல்லட்டி, கால!" பயிற்சியாளர் ஊதல் ஊதினார். குளத்து மருந்து நாற்றம் காற்றில் வந்து மூக்கை அரித்தது. செண்பகவல்லி குழு மடலைத் திறந்தாள், திறக்காமல் இருந்திருக்கலாம். 'உடனடியாகச் சரிசெய்யவும்.' 'இன்னும் ஏன் சரிசெய்யவில்லை?' 'மூன்றாம் முறையாக எழுதுகிறேன்.' யவும், யவும், யவும். இவர்கள் எல்லாம் மின் வாரியத்துக்கு எழுதும்போது கூட வணக்கம் போடுகிறார்கள். ஒரு கம்பெனி கொண்டலாத்தியை எடுத்துப் பறவைப் படத்தை மட்டும் அழித்துவிட்டுத் தன் பேரைப் போட்டுக் கணினியோடு சேர்த்து விற்கிறது. விற்கட்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தானே விட்டிருக்கிறோம். ஆனால் அந்தக் கணினி மக்கர் செய்தால் அவர்கள் செண்பகவல்லிக்கு எழுதுகிறார்கள்: 'எங்கள் வாடிக்கையாளர் காத்திருக்கிறார்.' காத்திருக்கட்டும். அவள் வீட்டில் குக்கர் கூடத்தான் காத்திருக்கிறது. இதற்குச் சேவை என்று பேர் வைத்திருக்கிறார்களே, அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போது பல் கூசுகிறது. வருடத்துக்கு ஒரு விழா, மேடைக்கு அழைத்து ஒரு பொன்னாடை. 'தன்னலமற்ற சேவை செய்துவரும் சகோதரி செண்பகவல்லி அவர்கள்' என்று படிக்கிறவருக்கு அவள் என்ன செய்கிறாள் என்பது தெரியாது. 'கம்ப்யூட்டரில் பறவைகள் ஆராய்ச்சி' என்றுகூட ஒருவர் சொல்லியிருக்கிறார். பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சரிகை. கட்டவும் முடியாது, கொடுக்கவும் முடியாது, மழைக்குப் போர்த்தினால் சாயம் போகும். எங்களுக்குப் பொன்னாடை வேண்டாம், போட்டுப் பார்க்க ஒரு ஆள் வேண்டும் என்று போன விழாவில் ஒலிபெருக்கியிலேயே சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள். கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். தன்னை இதற்குள் இழுத்துவிட்ட பேச்சிமுத்து அண்ணன் என்ன சொன்னார்? கல்லூரி அரங்கு வாசலில் நின்றுகொண்டு, "ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, பேர மட்டும் போடுங்க, அது போதும்" என்றார். போட்டாள். பிறகு பேச்சிமுத்து அண்ணன் வெளிநாட்டுக்குப் போனார், அவருடைய உள்ளேன் நின்றது. ஒவ்வொருவராகப் போனார்கள். யாரும் போகிறேன் என்று சொல்லிப் போகவில்லை. வகுப்பில் பெஞ்சுகள் காலியாவது போலக் காலியாயிற்று, அட்டெண்டன்ஸ் எடுக்கிற டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருக்கிறாள்.

இருக்கும்போது யாருக்கும் தெரியாது. இல்லாமல் போனால் எல்லாருக்கும் தெரியும். காற்று? காற்று என்றால் தாமிரா இவ்வளவு பீடிகை போட மாட்டாள். சாக்கடை மூடியா? குளத்தில் தாமிரா மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நீர் வாரி அடித்துப் போவது தெரிந்தது, சிவப்புத் தொப்பி. தொப்பிகள் எல்லாமே சிவப்பு. எந்தத் தொப்பி தன் மகளுடையது என்று ஒரு கணம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில்தான் இரண்டு படி தள்ளி உட்கார்ந்திருந்தவர் பேச்சுக் கொடுத்தார். இசக்கிராஜ், டயர் கடை வைத்திருக்கிறார், அவர் மகனும் தாமிராவும் ஒரே பிரிவு. தோளில் மகனுடைய துண்டு, கையில் பனை ஓலையில் நுங்கு. "எடுத்துக்கிடுங்க மேடம், எளசு. நீங்க கம்ப்யூட்டர்ல வேல பாக்கீங்கன்னு பாப்பா சொல்லுச்சு." "ஆமா, வங்கியில." "அப்ப ஒங்களுக்குத் தெரியும். எங்க பய ஸ்கூல்ல ஒரு கம்ப்யூட்டர் மேடம், தொறந்தா கொண்ட வச்ச குருவி ஒண்ணு வரும். பாத்திருக்கீங்களா?" நுங்கு தொண்டைக்குள் வழுக்கிக்கொண்டு போயிற்று. "பாத்திருக்கேன்." "சித்திர மாசத்துல இருந்து அதுல பிரிண்டே வர மாட்டேங்கு. பட்டனத் தட்டுனா, அச்சிடுகிறதுன்னு அழகா தமிழ்ல சொல்லுது, பேப்பரு மட்டும் வராது. ஹெச்செம் பாவம், லீவுலயும் ஒவ்வொரு தாளுக்கும் எங்க கடைக்குப் பக்கத்து ஜெராக்ஸுக்கு நடக்காரு." அவர் விரலை நக்கிக்கொண்டார். "யாரோ சும்மா குடுத்தது போல. சும்மா குடுத்தா எவன் வந்து பாப்பான், சொல்லுங்க. குடுத்தவன் ஒரு போட்டோ புடிச்சிருப்பான், போயிருப்பான்."

போட்டோவா, யார் போட்டோ பிடித்தது, எந்த மடையன் போட்டோ பிடித்தான், என்று கேட்க நாக்கு எழுந்து பல்லில் முட்டி நின்றது. நான்தான் குடுத்தேன், என் கைதான் தைத்தது, தாமிரா வயிற்றில் இருந்தபோது இடது பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து தைத்தது, என்று சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். இந்த மனிதர் கெட்டவர் இல்லை. வாய் பிளந்து, "அட, நீங்களா மேடம்" என்று சந்தோஷப்பட்டு, நாளைக்கே தலைமை ஆசிரியரிடம் சொல்லி, தலைமை ஆசிரியர் நாளை மறுநாளே வீட்டு வாசலில் நிற்பார், கையில் பொன்னாடையோடு. அவள் நுங்கின் தோலை உரித்தாள். இசக்கிராஜ் விடவில்லை. "ஆனா ஒண்ணு மேடம், சும்மா சொல்லக் கூடாது. அதுல எழுத்தத் தொட்டா ஒரு பிள்ள படிச்சுக் காட்டும். அ, அம்மா. ஆ, ஆடு. அம்புட்டு ருசியா இருக்கும் கேக்க. எங்க சின்னவ அதக் கேட்டுத்தான் எழுத்தே படிச்சா. ற வரும்போது மட்டும் நாக்கு சுத்திக்கிடும் அந்தப் பிள்ளைக்கு. எங்க சின்னவளும் இப்ப அதே மாதிரித்தான் சொல்லுதா, திருத்த முடியல." செண்பகவல்லி குளத்தைப் பார்த்தாள். நாக்குச் சுற்றிக்கொண்ட அந்தப் பிள்ளை பலகையை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடித்து இருமிக்கொண்டிருந்தது. ஐந்து வயதில், சமையலறையில், மின்விசிறிச் சத்தம் விழாமல் இருக்கத் தாயும் மகளும் போர்வைக்குள் புகுந்துகொண்டு, வியர்த்து ஊற்ற, எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பதிந்தது. ழ சொல்லும்போது தாமிராவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பை வெட்டி எடுக்க மனம் வராமல் ழ-வின் வாலில் கொஞ்சம் விட்டிருந்தாள்.

இருந்தாலும் பேப்பர் எப்படி வராமல் போகும்? கோபத்துக்கு அடியில் இந்தக் கேள்வி சின்ன முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. அச்சடிக்கும் பகுதியைச் சித்திரையில் தைத்தது அவள்தான். தப்பு அவளுடையதாகவே இருக்கட்டும். போட்டுப் பார்த்துப் பிடிக்கத்தானே எபனேசர் இருக்கிறான். அவன் மேசை மேலேயே ஒரு பழைய அச்சுப்பொறி கிடக்கும். கொண்டலாத்தியின் எந்தப் புது வெளியீடு வந்தாலும் முதல் வேலையாக, அச்சில் கால் விட்டுப்போகும் 'ஔ' என்ற எழுத்தைத் தாள் நிறைய அடித்து, படம் பிடித்து அனுப்புவான்: 'அக்கா, ஔவைக்குக் கால் முளைச்சாச்சு.' அப்படிப்பட்டவன் பேப்பர் வருகிறதா என்று பார்க்காமலா சரி சொன்னான்? சொல்லியிருக்கிறானே, இதோ இருக்கிறது. 'பார்த்தேன். சரி. – எபனேசர்.' அதற்கு முந்தியதற்கும் 'பார்த்தேன். சரி.' அதற்கும் முந்தியதற்கும். இரண்டு வருடமாக இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது, ஔ கிடையாது, அக்கா கிடையாது. எல்லாம் அந்த மடலுக்குப் பிறகு. ஏதோ பள்ளிக்கூடத்துக் கணினிப் பயிற்சியாளர், எபனேசர் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றைக்கு, கோயிலிலிருந்து வந்து வேட்டியைக் கூட மாற்றாமல் அவன் திருத்தி அனுப்பிய வேலைக்கு எழுதிய பதில்: 'வேலை தெரியாவிட்டால் எதற்கு இந்தச் சேவை? தெரிந்தவர்களுக்கு வழி விடவும்.' வழி விடவும்! வழியில் யார் நின்றார்கள் இவர்களை மறித்துக்கொண்டு? அந்த ஆளுக்கு அவள் நீளமாக ஒரு பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தாள். அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாததால்தான் எபனேசருக்கு அவள் மேலும் வருத்தம், அதனால்தான் ஒற்றைச் சொல்லாகப் பேசுகிறான் என்று இரண்டு வருடமாக அந்த 'சரி'யை ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்திருக்கிறாள். சில நாள் அது கோபமான சரியாக இருக்கும். சில நாள் கொஞ்சம் இளகின சரி. தீபாவளிக்கு வந்த சரி ஏறக்குறையச் சமாதானமான சரி. அதை நினைத்துக்கொண்டே அவனுடைய எண்ணைத் தொட்டாள். எப்போதும் மடல்தான், கூப்பிடுவது இல்லை. கூப்பிட்டால் தொந்தரவு என்று இருவருக்கும் ஒரு மரியாதை. மணி இரண்டு முறை அடிக்கவில்லை, எடுத்துவிட்டான்.

"என்னக்கா, அதிசயமா போன் பண்ணுதீங்க!" குரலுக்குப் பின்னால் காற்று அடித்தது. "எங்கப்பா இருக்க?" "தூத்துக்குடியிலதான், எங்க போவேன். கடக்கரையில தூண்டி போட்டுக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் ஒரு ஊளி மீனு மாட்டுச்சு, இந்தாத் தண்டி." எத்தனை தண்டி என்று போனில் காட்டினான் போலிருக்கிறது. "எபி, பிரிண்டர் வேல செய்யல. சித்திர வெளியீட்டுல நீதான பாத்து சரி சொன்ன? பேப்பர் வந்துச்சா இல்லயா?" அவன் தூண்டிலைச் சுருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, கோவப்படக் கூடாது" என்றான். "சொல்லு." "அது நான் இல்ல. மெஷினு." "எது மெஷினு?" "சரி சொல்லுதது. நீங்க அனுப்புனா அதுவே எடுத்து நிறுவிப் பாக்கும். நிறுவ முடிஞ்சா சரின்னு போட்டுரும், என் பேர்ல. அந்த ஞானஸ்நான சமயம் மனசு சரியில்லன்னு ஒரு ரெண்டு வாரத்துக்குன்னு வச்சேன். அப்புறம் அப்படியே ஓடிக்கிட்டு கெடந்துச்சு." "அப்ப அச்சடிச்சுப் பாத்தது?" "மெஷினுக்கு ஏதுக்கா பேப்பரு." "அப்ப இந்த உள்ளேன்? திங்கக்கிழம போட்டியே?" "போட்டிருக்கா? அதையும் அதுலயே எழுதி வச்சிருப்பேன் போல. நெசமா மறந்தே போச்சு." "ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டபோது குரல் உயர்ந்து, இசக்கிராஜ் திரும்பிப் பார்த்தார். "சொன்னா விட மாட்டீங்களேக்கா. 'நீ இல்லன்னா யாரு?'ன்னு கேப்பீங்க. நீங்க பாவம்னு திரும்ப வந்து உக்காந்துருவேன்." அவனே தொடர்ந்து, "நிறுத்தவா, ஓடட்டுமா? ஓடுனா யாருக்குத் தெரியப் போவுது" என்றான். "நிறுத்து." "யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டு பேருன்னா ஒங்க விதிப்படி..." "எனக்கு என் விதி தெரியும்டா. நிறுத்து. நீ மீனப் புடி." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சற்று நேரத்தில் எபனேசர் என்ற பேர் அங்கிருந்து போயிற்று. உள்ளேன் சொன்னவர்கள்: ரஜீவன்.

இரண்டு வருடம். இரண்டு வருடமாக ஒரு இயந்திரத்தின் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்திருக்கிறாள்! தீபாவளிக்கு அது சமாதானம் ஆனதாமே. காது மடல் கொதித்தது. அவனை என்ன செய்தால் தகும்? முதுகில் ஒன்று வைக்க வேண்டும். அந்த ஊளி நழுவிக் கடலுக்குள் போக வேண்டும். ஆனால் என்ன குரல் அது, எவ்வளவு காற்றோட்டமான குரல். பத்து வருடப் பழக்கத்தில் அவனிடம் கேட்காத குரல். விடுகதை தலைகீழாகப் போய்விட்டதே தாமிரா. இல்லாமல் போனால் எல்லாருக்கும் தெரியும் என்றாயே, எபனேசர் இல்லாமல் போனது யாருக்குத் தெரிந்தது? எனக்கே தெரியவில்லை. நானும் ஒரு மெஷின் வைத்தால்? யாழ்ப்பாணத்தில் ரஜீவனும் ஒன்று வைத்தால்? ஒன்று தைக்கும், ஒன்று சரி சொல்லும், ஒன்று முத்திரை குத்தும், வருடத்துக்கு ஒரு முறை மூன்றும் உள்ளேன் ஐயா என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும், விழாவில் மூன்றுக்கும் பொன்னாடை போர்த்தலாம். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் பயமாக மாறிற்று. பேப்பர் வராததாவது கண்ணுக்குத் தெரிகிற தப்பு. தெரியாத தப்பு எத்தனை உள்ளே போயிருக்கும்? பிள்ளைகளின் பேர், மதிப்பெண், வீட்டு விலாசம் எல்லாம் அந்தப் பழைய கணினிகளில்தானே இருக்கிறது. எந்தக் கதவுக்கு அவள் தாழ்ப்பாள் வைக்க மறந்தாளோ, அதை இழுத்துப் பார்க்க வேண்டியவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். ரஜீவன் பாவம், அந்தச் சரியை நம்பி முத்திரை வைத்திருக்கிறான். நேற்றுக்கூட எழுதியிருந்தான்: 'அக்கா, நீங்கள் இன்னும் உள்ளேன் போடேல்லை. மறந்திட்டியளோ? போடுங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு.'

நிழல் ஒரு படி இறங்கியிருந்தது. அவள் இப்போது உள்ளேன் போட்டாலும் இரண்டுதான். ஐந்து மணிக்கு, அவள் எழுதிய விதி அவள் எழுதிய மடலை எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பும்: கொண்டலாத்தி இத்துடன் நிறுத்தப்படுகிறது, இனிமேல் திருத்தங்கள் வராது. கணினிகள் நாளைக்கே நின்றுவிடாது. ஓடும், ஓடிக்கொண்டே கெடும். விதியைத் திருத்தலாம், இரண்டு பேர் போதும் என்று. திருத்தினால் அடுத்த வருடம் ஒருவர் போதும் என்று திருத்த வேண்டும். யாரையாவது கூப்பிடலாம். விழாவில் கைதட்டினவர்களில் ஒருவருடைய எண் கூட அவளிடம் இல்லை. வழங்கலில் கை பட்டவர் எவரும் உள்ளேன் சொல்லலாம் என்று விதியில் இருக்கிறது. கை பட்டவர்கள் பட்டியலை மேலிருந்து தள்ளிக்கொண்டு வந்தாள். போனவர், போனவர், பேச்சிமுத்து அண்ணன், போனவர், எபனேசர். கடைசியில், அவளே சேர்த்தது: 'குரல்: தாமிரா.' விரல் நின்றது. எட்டு வயது என்றால் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. பொய்யும் இல்லை, அவள் குரல்தான் அத்தனை பள்ளிக்கூடங்களிலும் அ சொல்லிக்கொண்டிருக்கிறது. மெஷினை விட இது எவ்வளவோ மேல். ஒரு வருடம் தள்ளினால் போதும், அதற்குள் யாராவது கிடைப்பார்கள், அச்சடித்துப் பார்க்கத் தாமிராவுக்குக் கூடத் தெரியும், பேப்பர் வருகிறதா என்று பார்ப்பதற்கு என்ன படிப்பு வேண்டும். கேட்டால் சரி என்பாள். ஐஸ் வாங்கித் தந்தால் எதற்கும் சரி என்பாள். சே, என்ன புத்தி இது. யவும் யவும் என்று எழுதுகிறவர்களைத் திட்டிக்கொண்டே வந்து கடைசியில் கை யாரிடம் நீள்கிறது பார். ஆனால் ஒரு வருடம்தானே. ஆனால் அந்த ழ-வின் வாலில் இருக்கிற சிரிப்பு. கேட்பதில் தப்பில்லை, அவளே சொல்லட்டும். ஊதல் நீளமாக ஒலித்தது.

தாமிரா துண்டைப் போர்த்திக்கொண்டு படியேறி வந்தாள். உதடு நீலம் பாய்ந்து, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி பதிந்த வட்டம். "கண்டுபிடிச்சிட்டியா?" செண்பகவல்லிக்குச் சொல்ல ஒரு விடை இருந்தது, வெகு நேரமாக இருந்தது, ஆனாலும் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "அம்மாவா?" என்றாள். தாமிரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா இருந்தாத்தான் நல்லா தெரியுமே, கத்திக்கிட்டே இருப்பா! பல்லு. பாரு." மேலுதட்டைத் தூக்கி, போன வாரம் விழுந்த பல்லின் இடத்தைக் காட்டினாள். "இருந்தப்ப யாராச்சும் கேட்டாங்களா? இப்ப எல்லாரும் எங்க பல்லு எங்க பல்லுங்காங்க." பக்கத்தில் இசக்கிராஜ், "சரியாச் சொன்னட்டி!" என்று தொடையில் தட்டினார். மகனுக்குத் தலை துவட்டிவிட்டு, "வாரேன் மேடம், முடிஞ்சா அந்தக் குருவி விசயத்த யார்ட்டயாவது கேட்டுப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார்.

செண்பகவல்லி மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். எபனேசர் மாமா போய்விட்டதையும், மூன்றாவதாக ஒரு பேர் குறைவதையும், ஐந்து மணிக்கு என்ன ஆகும் என்பதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். "ஒன் கொரல் அதுல இருக்குல்லா. அதனால நீ உள்ளேன் சொல்லலாம். சொல்லுதியா?" "சொன்னா என்ன செய்யணும்?" "ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, பேர மட்டும் போட்டா போதும்." சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று காதில் விழுந்தது. கல்லூரி அரங்கு வாசல், வெயில், பேச்சிமுத்து அண்ணனின் சிரித்த முகம். "இல்ல," என்றாள், "அது பொய்யி. போட்டா வேல இருக்கும். நான் தச்சத நீ போட்டுப் பாத்து, சரியில்லன்னா சரியில்லன்னு எங்கிட்டயே சொல்லணும்." "யாராச்சும் திட்டுவாங்களா?" செண்பகவல்லி கைப்பேசியைப் புரட்டிக் கவிழ்த்து வைத்தாள். "திட்டுவாங்க." "எது வரைக்கும் செய்யணும்?" "தெரியல."

தாமிரா துண்டின் நுனியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு, பேரைப் போட வேண்டாம், குரல் வேண்டுமானால் இருக்கட்டும் என்றாள்.